பழைய கைபேசியும் பிறர் அமானிதமும்

 

கைபேசியின் தீமைகளைப் பேசாத மிம்பர் இன்று நம் ஊர்களில் இல்லை. இளைஞர்கள் அதில் எதைப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் எத்தனை மணி நேரத்தை அதில் தொலைக்கிறார்கள், ஃபஜ்ருக்கு எழ முடியாமல் போவதற்கு அது எவ்வாறு காரணமாகிறது என்றெல்லாம் கண்டிக்கிறோம். கண்டிக்கத் தக்கவையே. ஆயினும் கைபேசியில் நாம் எதைப் பார்க்கிறோம் என்று இவ்வளவு கேட்கிற நாம், கைபேசி வழியாக நம்மை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு ஜும்ஆவிலேனும் கேட்டதுண்டா?

நம் மதரஸாவின் அலமாரியில் பயனற்றுக் கிடந்த பழைய போகோ எஃப் 1 கைபேசி ஒன்றில், கூகிள் நிறுவனத்தின் பிடியிலிருந்து விலகிய வேறோர் இயங்குதளத்தை அண்மையில் நிறுவினோம். ஜகாத் விண்ணப்பங்கள், குடும்ப ஆலோசனை, மாணவர் சேர்க்கை ஆகிய மூன்று பணிகளுக்கும் இனி அக்கைபேசியே என்று முடிவு செய்தோம். இது ஒரு சிறு நிர்வாக ஏற்பாடு. ஆனால் அதற்கு எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. “ஹஜ்ரத், நமக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்றார் ஒரு பெரியவர். “இந்தக் காலத்தில் இப்படியெல்லாம் செய்தால் நம்மைத்தான் சந்தேகப்படுவார்கள்” என்றார் இன்னொருவர். “ஓதிக் கொடுக்க வேண்டியவர்களுக்கு இது என்ன வேலை?” என்பது மூன்றாவது. மூன்றுமே நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டவை. மூன்றுமே தவறானவை என்பது நமது உறுதியான கருத்து.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஓர் உஸ்தாதின் கைபேசியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாணவர்களின் ஆதார் அட்டைப் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், தந்தையை இழந்த பிள்ளைகளின் தாய்மார்களுடைய எண்கள், கணவன் அடித்ததாக நள்ளிரவில் ஒரு சகோதரி அனுப்பிய குரல் பதிவு, குல்உ கேட்டு வந்த மனுவின் நகல், திருமணப் பேச்சுக்காக அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளின் புகைப்படங்கள், கடனில் மூழ்கிய வியாபாரி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அனுப்பிய கணக்கு. இவற்றில் எது நம்முடையது? நமக்கு மறைக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். அல்லாஹ் அவ்வாறே ஆக்குவானாக. ஆனால் அந்தச் சகோதரிக்கு இருக்கிறது, அந்த வியாபாரிக்கு இருக்கிறது. அவர்களுடைய இரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘எனக்கு மறைக்க ஒன்றுமில்லை’ என்று சொல்வது, பிறர் வைத்துச் சென்ற நகையைத் திண்ணையில் போட்டுவிட்டு ‘எனக்கு நகை ஆசை இல்லை’ என்று சொல்வதைப் போன்றது.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, யாரேனும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தால், அந்தச் செய்தி கேட்டவரிடம் அமானிதம் ஆகிவிடுகிறது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் வருகிறது. ‘இதை வெளியே சொல்லாதீர்கள்’ என்று வாயால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்ததே போதும். நம்மிடம் வருகிற சகோதரிகளும் பெரியவர்களும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். பிறகு நாம் அவர்களுடைய எண்ணைக் கைபேசியில் பதிவு செய்கிறோம்.

எவ்வாறு பதிவு செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் ஒன்றுபோல் பலருக்கு இருப்பதால், ‘ஜகாத் விதவை கிழக்குத் தெரு’, ‘தலாக் கேஸ் மருமகள்’ என்று அடையாளச் சொல் சேர்த்து எழுதும் வழக்கம் ஜமாஅத் நிர்வாகிகளிடையே பரவலாக உண்டு. அந்தத் தொடர்புப் பட்டியல் கைபேசிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தால் நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்றுவிடுகிறது. அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பெயரைக் காட்டுகிற செயலிகளில் சில, தம் பயனர்களின் தொடர்புப் பட்டியல்களைத் திரட்டியே அப்பெயர்களை அறிகின்றன. அதாவது, நாம் நம் வசதிக்காக எழுதிய ‘ஜகாத் விதவை’ என்னும் சொல், அந்தச் சகோதரி வேலை கேட்டு எங்கோ ஒரு கடைக்கு அழைக்கும்போது முதலாளியின் திரையில் தோன்றக்கூடும். தர்மத்தை இரகசியமாக ஏழைகளுக்குக் கொடுப்பது மேலானது என்று அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனத்திற்கு விளக்கம் சொல்கிற நாம்தான், வாங்கியவரின் நெற்றியில் இப்படி எழுதி ஒட்டுகிறோம்.

துருவித் துருவி ஆராய்தலை அல்லாஹ் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில், புறம் பேசுதலோடு சேர்த்துத் தடுத்திருக்கிறான். பிறர் வீட்டில் அனுமதி பெறாமல் நுழைவதை அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில் தடுத்திருக்கிறான். நபி (ஸல்) அவர்களின் இல்லக் கதவின் துளை வழியே ஒருவர் எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. அப்போது அவர்கள் கையில் தலை கோதும் இரும்புச் சீப்பு இருந்தது. நீ பார்க்கிறாய் என்று அறிந்திருந்தால் இதனாலேயே உன் கண்ணைக் குத்தியிருப்பேன் என்று எச்சரித்து, அனுமதி கேட்டல் என்னும் சட்டமே பார்வையின் காரணத்தால்தான் ஏற்பட்டது என்றும் விளக்கினார்கள். உள்ளே நடந்தது தவறான செயலா? இல்லை. தலை வாரிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. குற்றம் செய்பவருக்கு மட்டுமே திரை வேண்டும் என்று வாதிடுவோர் இந்த ஹதீஸை மறுமுறை ஓதிப் பார்க்கட்டும். சுவர் ஏறிக் குதித்து ஒருவரின் பாவத்தைக் கண்டுபிடித்த உமர் (ரலி) அவர்களிடம், நான் ஒரு தவறு செய்தேன், நீங்கள் மூன்று செய்தீர்கள் என்று அந்த மனிதர் எடுத்துக் காட்டியதையும், கலீஃபா அவரை விட்டுச் சென்றதையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் குறிப்பிடுகிறார்கள். பாவிக்கும் கதவு உண்டு என்பதே அதன் பொருள்.

இவையெல்லாம் கற்பனையான அச்சங்கள் என்று கருதுவோருக்கு, தொழுகை நேரச் செயலிகளின் கதையைச் சொல்கிறோம். உலகெங்கும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் பதிவிறக்கிய ‘முஸ்லிம் புரோ’ செயலி, தன் பயனர்களின் இருப்பிடத் தரவை எக்ஸ்-மோட் என்னும் அமெரிக்கத் தரவுத் தரகு நிறுவனத்திற்கு அனுப்பி வந்ததையும், எக்ஸ்-மோட் அத்தகைய தரவை ஒப்பந்ததாரர்களுக்கும் அவர்கள் வழியாக அமெரிக்க இராணுவத்திற்கும் விற்று வந்ததையும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளியிட்டது. இராணுவத்திற்குத் தாம் நேரடியாக விற்கவில்லை என்று செயலியினர் மறுத்தார்கள். ஆனாலும் எக்ஸ்-மோடுடனான உறவை முறித்துக்கொண்டார்கள். 2022இல் வேறொரு செய்தி. பனாமாவில் பதிவு செய்யப்பட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருள் துணுக்கு, ‘அல் முஅஸ்ஸின்’ என்னும் பாங்குச் செயலி உள்ளிட்ட பல செயலிகளுக்குள் இருந்ததையும், அது தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, துல்லியமான இருப்பிடம் போன்றவற்றைத் திரட்டியதையும் செர்ஜ் ஏகல்மன், ஜோயல் ரியர்டன் ஆகிய இரு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கூகிள் அச்செயலிகளைத் தற்காலிகமாக நீக்கியது. எக்ஸ்-மோடின் வழிவந்த நிறுவனம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களைக் காட்டிக்கொடுக்கும் இருப்பிடத் தரவை விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் உத்தரவு கொண்டுவந்தது 2024 ஜனவரியில்தான். கிப்லா எந்தத் திசை என்று கேட்டவனின் இருப்பிடம் எங்கெங்கோ விலை போயிற்று.

இதில் நம்மை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. தொழுகை நேரத்தைக் கணக்கிடுவதற்கு யாருடைய வழங்கியும் தேவையே இல்லை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, சூரியன் அடிவானத்திற்குக் கீழே எத்தனை பாகை என்னும் கணக்கு, இவை போதும். கராச்சி முறையில் ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் 18 பாகை. இதை நம் முன்னோர்கள் நிழலை அளந்தும் ஏட்டில் எழுதியும் கணக்கிட்டார்கள். பள்ளிவாசல் சுவரில் தொங்குகிற வக்து அட்டவணை இணையத்தோடு இணைக்கப்பட்டதா என்ன? ஆண்டாண்டுக்கும் அதே பலகை. சென்னையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. அது நேற்றும் அங்கேதான் இருந்தது, நாளையும் அங்கேதான் இருக்கும். இதைச் சொல்வதற்கு ஒரு செயலி நாள் முழுவதும் நம் பின்னால் வருகிறதென்றால், வருவதன் நோக்கம் தொழுகை அன்று.

‘அப்படியானால் அந்தச் செயலிகளை நீக்கிவிட்டால் போதுமே, இயங்குதளத்தையே ஏன் மாற்ற வேண்டும்?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2018இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஷ்மிட் ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியை யாரும் தொடாமல் ஓரிடத்தில் வைத்து, குரோம் மட்டும் பின்னணியில் இயங்க விட்டுப் பார்த்தார். 24 மணி நேரத்தில் 340 முறை அது இருப்பிடத் தகவலை கூகிளுக்கு அனுப்பியது. 2021இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியையும் எடின்பரோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சாம்சங், ஷாவ்மி, ஹுவாவே, ரியல்மி கைபேசிகளை ஆராய்ந்தார்கள். எல்லா வசதிகளையும் மறுத்து, சும்மா வைத்திருந்தபோதும் அவை நிறுவனத்திற்கும் கூகிள் முதலிய பிறருக்கும் கணிசமான தரவை அனுப்பின. ஷாவ்மி கைபேசி, பயனர் திறந்த செயலித் திரைகளின் விவரத்தையும் எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதையும் அனுப்பியது. அந்த ஆய்வில் இதற்கு விலக்காக நின்றது ஒன்றே. அதுதான் ‘ஈ ஓஎஸ்’. (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், தமிழ் அறியாதவர்கள் வைத்த பெயர்.) மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் கேயல் டுவால் தொடங்கிய திட்டம் அது. லினியேஜ் ஓஎஸ் என்னும் திறமூல ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டது. அதே ஆய்வில் லினியேஜும் இருந்தது. ஆனால் அதன்மேல் கூகிள் செயலிகளை ஏற்றிச் சோதித்தபோது கூகிளுக்குத் தரவு வழக்கம்போலவே சென்றது. வீட்டை மாற்றிவிட்டுச் சாவியைப் பழைய ஆளிடமே கொடுத்தால் அப்படித்தான்.

நாம் நிறுவியதும் ஈ ஓஎஸ்தான். செய்முறையை ஓரளவு விரிவாகச் சொல்வது கடமை என்று கருதுகிறோம். ஏனெனில் பாதி கேட்டுவிட்டுச் செய்து கைபேசியைச் செங்கல்லாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

முதலில் கைபேசியின் துல்லியமான மாதிரியையும் அதன் குறியீட்டுப் பெயரையும் அறிய வேண்டும். போகோ எஃப் 1க்கு ‘பெரிலியம்’ என்று பெயர். ஒரே வணிகப் பெயரில் இரண்டு மூன்று வேறுபட்ட கருவிகள் விற்கப்படுவதுண்டு. ஒன்றின் கோப்பை இன்னொன்றில் ஏற்றினால் கெட்டுவிடும். எல்லாக் கைபேசிகளுக்கும் இது இயலாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். பூட்லோடர் என்னும் தொடக்கப் பூட்டைத் திறக்கச் சில நிறுவனங்கள் விடுவதே இல்லை. ஹுவாவே 2018இலேயே அந்த வாயிலை மூடிவிட்டது. சாம்சங்கின் சில கருவிகளில் திறக்கலாம், ஆனால் திறந்துவிட்டால் அதன் சில பாதுகாப்பு வசதிகள் என்றென்றைக்கும் செயலிழக்கும்.

அடுத்து, உள்ளே இருக்கும் படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். பூட்டைத் திறக்கும் கணத்தில் கைபேசியில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். பிறகு அமைப்புகளில் மென்பொருள் பதிப்பின் மீது ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர்’ பகுதி திறக்கும். அதில் ஓஇஎம் பூட்டுத் திறப்பை அனுமதித்து, நிறுவனத்தின் திறப்பு மென்பொருளைக் கணினியில் இயக்க வேண்டும். நமக்கு ஏழு நாள் காத்திருக்கச் சொல்லிற்று. காத்திருந்தோம். அதன்பின் ஃபாஸ்ட்பூட் நிலையில் ரெகவரியை ஏற்றி, ரெகவரி வழியாக இயங்குதளக் கோப்பை கேபிள் மூலம் அனுப்பும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. செய்தவர் நம் மாணவர் ஒருவர். ஹிஃப்ளு முடித்துவிட்டுக் கல்லூரியில் படிக்கிறார். நாம் அருகில் அமர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். இயங்குதளக் கோப்பை அதன் அதிகாரபூர்வமான இணையதளத்திலிருந்தே பெற வேண்டும். யாரோ டெலிகிராமில் பகிர்ந்ததை ஏற்றாதீர்கள். கோப்போடு அதன் சரிபார்ப்பு எண்ணும் வெளியிடப்பட்டிருக்கும். பதிவிறக்கிய கோப்பில் அதே எண் வருகிறதா என்று கணினியில் சரிபார்க்கலாம். இஸ்னாத் பார்க்காமல் ஹதீஸை ஏற்காத சமுதாயத்திற்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

நிறுவிய பின் நாம் கண்டவை: 2018இல் இந்தியச் சந்தைக்கு வந்த அந்தக் கைபேசிக்கு நிறுவனம் ஆண்ட்ராய்டு 10ஓடு கைகழுவிவிட்டது, இப்போது அதைவிடப் புதிய பதிப்பு ஓடுகிறது. எந்தச் செயலி எந்த உளவுத் துணுக்கைத் தொடர்பு கொள்ள முயன்றது என்று தனிப் பகுதியில் காட்டித் தடுக்கிறது. எஃப்-டிராய்டு என்னும் திறமூலச் செயலிக் களஞ்சியத்தில், கைபேசிக்குள்ளேயே கணக்கிட்டு வக்து சொல்லும் செயலிகள் இருக்கின்றன. ஊரை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும். வங்கிச் செயலிகளில் பல, இயங்குதளம் மாறியதைக் கண்டால் இயங்க மறுக்கும். ஆகவே பணப் பரிமாற்றத்திற்கு இக்கருவியை நம்ப வேண்டாம்.

இனி, மறுதரப்பில் நிற்கும் சில இளைஞர்களுக்கும் ஒரு சொல். ‘ஈ ஓஎஸ் போட்டுவிட்டேன், இனி என்னை யாராலும் பார்க்க முடியாது’ என்று நிலைத்தகவல் போடுகிறார்கள். பிற ஆண்ட்ராய்டுகளைப் பயன்படுத்துவோரை ஏளனம் செய்கிறார்கள். ஒருவர் இதை வாஜிப் என்றுகூட எழுதினார். ஃபத்வா கொடுக்கும் அவசரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். சிம் அட்டை உள்ளவரை, நீங்கள் எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்பதைத் தொலைபேசி நிறுவனம் அறியும். வாட்ஸ்அப்பை ஏற்றினால் வாட்ஸ்அப் அறிவதை அது அறிந்துகொண்டேதான் இருக்கும். பூட்லோடர் திறந்து கிடக்கும் கைபேசி திருடன் கையில் அகப்பட்டால் அதைக் குலைப்பது எளிது. வலுவான கடவுச்சொல் வைத்தே ஆக வேண்டும். பழைய கருவியின் உள்வன்பொருளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனவை நின்றுபோனவையே. இது ஒரு கதவு. கதவு போட்ட வீட்டுக்குச் சுவரும் வேண்டும்.

சந்தேகப்படுவார்கள் என்ற அச்சத்திற்கு வருவோம். இந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். எதிலிருந்து பிறந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தாடி வைத்த மகன் இரவு தாமதமாக வந்தால் வாசலில் நிற்கிற அத்தாவின் அச்சம் அது. ஆயினும் சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின்கீழ் வாழ்வுரிமையோடு பிணைந்த அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அது நமக்கும் சேர்த்துத் தரப்பட்ட உரிமை. நாம் பணம் கொடுத்து வாங்கிய கைபேசியில், யாரும் படித்துப் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருளை ஏற்றுவது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமன்று. எல்லோருக்கும் உள்ள உரிமையை முஸ்லிம் மட்டும் பயந்து பயன்படுத்தாமல் விட்டால், நாளடைவில் அது முஸ்லிமுக்கு இல்லாத உரிமை என்றே ஆகிவிடும். நாம் செய்ததை ஒளிக்கவும் இல்லை. ஜமாஅத் நிர்வாகக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டே செய்தோம்.

ஓதிக் கொடுப்பவனுக்கு இது வேலையா என்றால், அமானிதத்தின் பாடத்தை ஓதிக் கொடுப்பவனுக்கு இது வேலைதான். வேறு பதில் இல்லை. செலவு கேபிள் ஒன்றுக்கு மட்டுமே. அலமாரியில் கிடக்கும் கருவியை மீட்டுப் பயன்படுத்துவது, புதியது வாங்கும் வீண்விரயத்தைத் தவிர்ப்பதும் ஆகும்.

எல்லோரும் நாளையே இயங்குதளத்தை மாற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஜகாத் குழுவினர், இமாம்கள், நிகாஹ் பதிவேடு வைத்திருப்போர், பெண்கள் மதரஸாவின் ஆலிமாக்கள், இவர்களிடம் மட்டும் கேட்கிறோம். ரமழானுக்குள் உங்கள் ஜமாஅத்திற்கென ஒரு பழைய கைபேசியை ஒதுக்குங்கள். அதற்கு முன்பாகவே, இன்று இஷாவுக்குப் பின் உட்கார்ந்து, தொடர்புப் பட்டியலில் ‘ஜகாத்’, ‘தலாக்’, ‘கேஸ்’ என்று தேடி, வருகிற பெயர்களிலிருந்து அச்சொற்களை நீக்குங்கள். குடும்பத்தாரின் பெயரும் தெருப் பெயரும் உங்கள் நினைவுக்குப் போதும். போதாவிட்டால் கறுப்பு அட்டைக் குறிப்பேடு ஒன்றை வாங்கிப் பூட்டி வையுங்கள்.

கைபேசியை மாற்ற விரும்புவோர் சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் மதரஸாவுக்கு வரலாம். மாணவர்கள் உதவுவார்கள். வரும்போது மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்னேற்றம் செய்து, தரவு செல்லக்கூடிய கேபிளையும் எடுத்து வாருங்கள். மின்னேற்றத்திற்கு மட்டும் பயன்படுகிற மலிவுக் கேபிளால் இந்த வேலை நடக்காது.